மோட்டார் வண்டியின் மூச்சு

புனே நகரில் மூன்று தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வீட்டுக் கொட்டகையில் எம்.ஜி.பி. என்னும் ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. பாட்டனார் வாங்கியது, தகப்பனார் காப்பாற்றி வைத்தது, இப்போது பேரனின் கைக்கு வந்திருக்கிறது. எஞ்சினை மூடியிருக்கும் பானெட்டில் ஒரு துவாரம் வெட்டி, அதன்மேல் முன்னோக்கிய காற்றுவாய் ஒன்றைப் பொருத்தினால் வண்டி இன்னும் விரைந்தோடும் என்று யாரோ அவ்விளைஞரிடம் சொல்லிவிட்டார்கள். பட்டறைக்காரர் தகடு வெட்ட ஆயத்தமாக இருக்கிறார். தகப்பனாருக்கோ மனம் ஒப்பவில்லை. அந்த வண்டியின் பானெட் அலுமினியத்தால் ஆனது. 1962-ல் தொடங்கி அந்தப் பத்தாண்டின் இறுதிவரை வந்த எம்.ஜி.பி. வண்டிகளுக்கே அலுமினியப் பானெட் உண்டு. பின்னர் வந்தவற்றுக்கு எஃகுதான். ஒருமுறை வெட்டினால் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது. தந்தையும் மகனும் நம்மிடம் வந்து, இதில் உண்மை எவ்வளவு என்று வினவினர்.

வினா சிறியதாயினும், அதற்கு விடை சொல்ல எஞ்சின் எவ்வாறு மூச்சு விடுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எம்.ஜி.பி. எஞ்சினின் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்துக் கொள்ளளவு 1798 கன சென்டிமீட்டர். எஞ்சின் இருமுறை சுழலும்போது இந்த அளவு காற்றை ஒருமுறை உள்ளிழுக்கிறது. நிமிடத்திற்கு 6000 சுற்று சுழல்கையில், சிலிண்டர்கள் முழுமையாக நிரம்புவதாகக் கொண்டால், 5400 லிட்டர் காற்று வேண்டும். ஒரு மனிதன் ஒரு நாள் முழுவதும் சுவாசிக்கும் காற்று ஏறத்தாழ 11,000 லிட்டர் என்பார்கள். அதனை இந்தச் சிறிய எஞ்சின் இரண்டே நிமிடங்களில் குடித்துவிடுகிறது.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது எளிது. காற்றைக் கூட்டிக் கொடுப்பதே கடினம். இங்கே எடை என்று நாம் குறிப்பதைக் கவனிக்க வேண்டும். சிலிண்டரின் பருமன் மாறுவதில்லை. அதற்குள் நுழையும் காற்று அடர்த்தியாக இருந்தால் சக்தி மிகும், மெலிந்திருந்தால் குறையும். காற்றை அடர்த்தியாக்குவதற்கு இயற்கையில் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று அழுத்துவது, மற்றொன்று குளிர்விப்பது. பானெட்டில் காற்றுவாய் வைப்போர் அனைவரும் முதல் வழியை நினைத்துக்கொண்டே வைக்கிறார்கள். வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று அந்த வாயினுள் புகுந்து எஞ்சினுக்குள் தன்னைத் தானே திணித்துக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம்.

எண்ணம் பொய்யன்று. ஆனால் அளவு என்ன? எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. மணிக்கு 60 கிலோமீட்டரில் அது வாயுமண்டல அழுத்தத்தில் 600-ல் ஒரு பங்கு மட்டுமே. 100 கிலோமீட்டரில் நூற்றுக்கு அரைப் பங்கைக்கூட எட்டுவதில்லை. எம்.ஜி.பி. வண்டியின் உச்ச வேகம் 160 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அவ்வேகத்திலும் நூற்றுக்கு 1.2 பங்குதான். எஞ்சினின் சக்தி ஏறத்தாழ 95 குதிரைச் சக்தி. எனவே காற்றுவாய் குறையேதுமின்றி வேலை செய்தாலும் கிடைக்கக்கூடியது ஒரு குதிரைச் சக்தி. உச்ச வேகத்தில் அது மணிக்கு அரைக் கிலோமீட்டரைக் கூட்டினால் பெரிது. டயரில் காற்று குறைந்திருந்தாலே இதைவிட அதிகம் நஷ்டமாகிவிடும்.

பந்தய வண்டிகளில் உயரமான காற்றுவாய் இருக்கிறதே என்று கேட்கலாம். ஃபார்முலா 1 வண்டி 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவது. அவ்வேகத்தில் எதிர்க்காற்று நூற்றுக்கு 4 பங்கு அழுத்தம் தரும். நொடியின் ஆயிரத்தில் ஒரு பகுதிக்காகப் போராடுவோருக்கு அது பெருஞ்செல்வம். 1970-களில் ஓட்டுநரின் தலைக்கு மேல் கோபுரம் போன்ற காற்றுப்பெட்டிகள் எழுந்தன. அவை வரம்பின்றி உயர்ந்ததால் 1976-ல் விதி வகுத்துக் குறைக்கவேண்டியதாயிற்று. நம் சாலைகளில் 300 கிலோமீட்டர் வேகத்திற்கு இடமுமில்லை, இருக்கவும் வேண்டாம்.

அந்த ஒரு குதிரைச் சக்தியாவது கிடைக்குமா என்றால், துவாரம் எங்கே வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. வண்டியின் முகப்பில், கிரில் உள்ள இடத்தில், காற்று நேரே மோதுவதால் அழுத்தம் மிகுதி. அங்கிருந்து பானெட்டின் முன்விளிம்பைத் தாண்டி வளைந்து ஏறும் காற்று வேகம் பெறுகிறது. வேகம் பெற்ற காற்றின் அழுத்தம் குறைகிறது. ஆகவே பானெட்டின் முற்பகுதியில் தட்டையான துவாரம் வெட்டினால் காற்று உள்ளே வராது. உள்ளிருப்பதை வெளியே உறிஞ்சும்! நடுப்பகுதியில் அழுத்தம் இப்படியும் அப்படியுமாக இருக்கும். முன்கண்ணாடியின் அடிப்பாகத்தில் ஓட்டம் தடைப்பட்டு, அழுத்தம் மீண்டும் உயர்கிறது. வண்டியின் உள்ளே காற்று வருவதற்கான ஜன்னல்களை உற்பத்தியாளர்கள் அவ்விடத்தில் வைப்பதன் காரணம் இதுவே.

இதை நன்கறிந்து பயன்படுத்தியது அமெரிக்க ஷெவர்லே நிறுவனம். 1969-ஆம் ஆண்டு கமாரோ வண்டியின் ஒருவகைப் பானெட்டில் காற்றுவாய் பின்னோக்கி, கண்ணாடியைப் பார்த்தபடி அமைந்திருந்தது. பார்த்தவர் பலர், தலைகீழாக மாட்டிவிட்டார்களோ என்று எண்ணியிருப்பர். அதே ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தின் மஸ்டாங்கில் மற்றொரு வகை வந்தது. காற்றுவாய் பானெட்டில் பொருத்தப்படாமல் எஞ்சினின் மேலேயே பொருத்தப்பட்டு, பானெட்டின் துவாரம் வழியே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் அதிரும்போது அதுவும் அதிரும். அதனால் அதற்கு 'ஷேக்கர்' என்றே பெயர். கம்பீரத்திற்குக் குறைவில்லை. ஆனால் தகட்டை ஒட்டி ஓடும் காற்றுப்படலம் மந்தமானது. காற்றுவாய் அதற்கு மேலே நன்கு உயர்ந்து நின்றால்தான் எதிர்க்காற்றின் முழு வேகம் அதனுள் புகும். உயர்த்தினால் பார்வை மறையும். காற்றுத் தடையும் கூடும்.

எம்.ஜி.பி.க்கு உடன்பிறந்த எம்.ஜி.சி. என்ற வண்டி 1967 முதல் 1969 வரை வந்தது. அதன் பானெட்டில் பெரிய புடைப்பு உண்டு. அதைக் காட்டி, காற்றுக்காகத்தான் இது என்று வாதிடுவோரை நாம் கண்டிருக்கிறோம். உண்மையில் ஆறு சிலிண்டர் கொண்ட பெரிய எஞ்சின் உள்ளே அடங்காததால் எழுந்த புடைப்பே அது.

இனி இரண்டாவது வழிக்கு வருவோம். நம் கணிப்பில் விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

எம்.ஜி.பி. எஞ்சினில் காற்று உட்புகும் குழாயும் எரிந்த புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. இரண்டு கார்புரேட்டர்களும் கொதிக்கும் புகைக்குழாய்க்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கின்றன. அடுப்பின் மேல் முகம் வைத்து மூச்சு விடுவது போன்ற நிலை. வெளியே 35 டிகிரி இருக்கும்போது கார்புரேட்டரின் வாயருகே உஷ்ணம் 65 டிகிரி என்று கொள்வோம். காற்றின் அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறைந்துவிடும். சிலிண்டருக்குப் போகும் வழியில் எந்தக் காற்றும் சற்றுச் சூடேறத்தான் செய்யும் என்பதால், சக்தியில் ஏற்படும் நஷ்டம் இதில் ஏறத்தாழப் பாதி. அதாவது 4 குதிரைச் சக்தி. எதிர்க்காற்று உச்ச வேகத்தில் தருவதைப்போல் நான்கு மடங்கு! மேலும், எதிர்க்காற்றின் உதவி உச்ச வேகத்தில் மட்டுமே உண்டு. குளிர்ந்த காற்றின் உதவியோ மேட்டில் ஏறும்போதும், முன்வண்டியைத் தாண்டும்போதும் உண்டு.

ஆகவே பானெட்டில் காற்றுவாய் வைத்தபின் வண்டி சுறுசுறுப்பாயிற்று என்று அனுபவசாலிகள் சொல்வது முழுப் பொய்யல்ல. பயன் கிடைத்திருக்கலாம், அவர்கள் கூறும் காரணம்தான் தவறு. காற்று உள்ளே தள்ளப்பட்டதால் அன்று, வெளிக்காற்று குளிர்ந்திருந்ததால் பயன் விளைந்தது.

இந்த அளவுகளை உணர வேறொரு கணக்கையும் சொல்லலாம். புனே கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வாயுமண்டல அழுத்தம் கடற்கரையைவிட நூற்றுக்கு 6 பங்குக்கு மேல் குறைவு. கண்டாலா கணவாய் இறங்கி மும்பை சேரும்போது, ஒரு காசு செலவின்றி எஞ்சினுக்கு அத்தனையும் திரும்பக் கிடைக்கிறது. பெங்களூரிலிருந்து பொங்கலுக்குச் சென்னை வரும் நம் நேயர்கள், டர்போ இல்லாத வண்டியாயின், நூற்றுக்கு 10 பங்கு அழுத்த லாபத்துடன் ஊர் சேருகிறார்கள். சென்னையின் வெயில் அதில் கொஞ்சத்தைப் பறித்துக்கொண்டாலும் பெரும்பகுதி மிஞ்சும். டில்லியில் இருப்போர் தம் வண்டி மே மாதப் பிற்பகலில் சோர்வதையும் ஜனவரிக் காலையில் துள்ளுவதையும் கண்டிருப்பார்கள். எந்தக் காற்றுவாயும் இவற்றோடு போட்டியிட முடியாது.

டர்போ உள்ள வண்டிகளின் கதை வேறு. டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடேறுகிறது. அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் போன்ற பாகம் உண்டு. 1992-ல் வந்த சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். வண்டியில் அது எஞ்சினின் மேல் கிடக்கிறது. பானெட்டின் காற்றுவாய் அதன்மேல் காற்றைப் பாய்ச்சுவதற்கானது. அந்தக் காற்று எஞ்சினுக்குள் போவதே இல்லை. 2009-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஃபார்ச்சூனர் டீசல் வண்டியின் காற்றுவாயும் இத்தகையதே. அங்கே அதை அடைத்தால் சக்தி குறையும். மினி கூப்பர் எஸ் வண்டியின் கதை வேடிக்கையானது. 2000-களின் தொடக்கத்தில் வந்த வண்டியில் காற்றுவாய் இன்டர்கூலருக்காக உழைத்தது. அடுத்த தலைமுறையில் இன்டர்கூலர் முகப்புக்கு இடம் மாறியது; காற்றுவாய் மட்டும் பானெட்டிலேயே வெறும் அலங்காரமாக நின்றுவிட்டது. இன்றைய சாதாரணக் கார்களில் பெரும்பாலானவை கிரிலின் பின்னிருந்தோ விளக்கின் பக்கத்திலிருந்தோ மூடிய குழாய் வழியாகக் குளிர்ந்த காற்றையே எடுக்கின்றன. அவற்றின் காற்றுப்பெட்டியைக் கழற்றிவிட்டு, திறந்த ஃபில்டரை எஞ்சின் அறையில் மாட்டுவோர், பணம் கொடுத்துச் சூட்டை வாங்குகிறார்கள்.

துவாரம் வெட்டுவோர் எண்ணிப்பாராத சில தொல்லைகளும் உண்டு. மும்பை, புனே மழையை அறிந்தவர்க்கு முதல் தொல்லையைச் சொல்லவேண்டியதில்லை. நீர் வழிந்தோட வடிகால் இல்லாத காற்றுவாய், மழைநீரைக் கார்புரேட்டருக்கு ஊற்றும் புனல் ஆகிவிடும். சிலிண்டருக்குள் போதிய நீர் புகுந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல், இணைப்புத்தண்டு வளைந்துபோகும்.

கார்புரேட்டர் வண்டிக்கே உரிய நுட்பமான தொல்லை மற்றொன்று. பெட்ரோல் நிற்கும் சிறு கிண்ணத்திற்கும் காற்றோடும் தொண்டைக்கும் உள்ள மிகச் சிறிய அழுத்த வேறுபாட்டினால்தான் பெட்ரோல் மேலே இழுக்கப்படுகிறது. தொண்டையின் பக்கம் மட்டும் எதிர்க்காற்று அழுத்தி, கிண்ணம் சாதாரண அழுத்தத்தில் நின்றால், பெட்ரோல் வரத்துக் குறைந்து கலவை வறண்டுவிடும். வறண்ட கலவை முழு வேகத்தில் எரிந்தால் வால்வும் பிஸ்டனும் கருகும். ஒரு குதிரைச் சக்தியைத் தேடிப்போய் எஞ்சினையே இழப்பது இவ்வாறுதான்.

வெட்ட மனமில்லாதவர் சிலர் பானெட்டின் பின்விளிம்பை வாஷர் கொடுத்து உயர்த்துகிறார்கள். வண்டி நிற்கும்போது அவ்வழியே சூடு வெளியேறுவது மெய். ஓடும்போதோ, முன்கண்ணாடியடியில் உயர்ந்துள்ள அழுத்தம் காற்றை உள்ளே தள்ளி, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை மறித்துவிடுகிறது.

நாம் அந்தப் புனே இளைஞருக்குச் சொன்னது, வெட்டுமுன் அளந்து பாருங்கள் என்பதே. கருவி எளியது. ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை 'ப' எழுத்தைப்போல் வளைத்துப் பலகையில் கட்டி, சாயநீர் ஊற்றவேண்டும். ஒரு முனையோடு நீண்ட குழாயை இணைத்து, அதன் வாயைப் பானெட்டின்மேல் தகட்டோடு படிய ஒட்டவேண்டும். மற்ற முனை வண்டிக்குள் திறந்திருக்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் எதிர்க்காற்று முழுமையாக மோதும் இடமானால் இரு பக்க நீர்மட்டத்திற்கும் 17 மில்லிமீட்டர் வேறுபாடு தெரியும். அளவு பார்ப்பவர் ஓட்டுநரின் பக்கத்தில் அமர்ந்தவராகவே இருக்கவேண்டும்.

தகப்பனார் ஓட்ட, மகன் பலகையைப் பிடித்துக்கொள்ள, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அளந்தார்கள். வெட்டுவதாக இருந்த இடத்தில் நீர் எதிர்த்திசையில் ஏறியது. அங்கே உறிஞ்சல்தான் இருந்தது. கிரிலின் பின்னால் மட்டமாக ஏறி நின்றது. இப்போது அவ்வண்டியில் கிரிலின் பக்கத்திலிருந்து ஒரு பருத்த குழாய், புகைக்குழாயை விட்டு விலகி, தகட்டால் சூடு மறைக்கப்பட்டு, கார்புரேட்டர்களின் ஃபில்டர் பெட்டிக்குப் போகிறது. ஃபில்டரும் இருக்கிறது, பெட்ரோல் கிண்ணத்தின் காற்றுத்துளையும் அதே பெட்டியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பானெட் வெட்டப்படவில்லை. வண்டி விரைவாகிவிட்டதா என்று கேட்டோம். கண்டாலா மேட்டில் முன்பு மூன்றாம் கியருக்கு மாற்றிய இடத்தில் இப்போது மாற்றவேண்டியதில்லை என்றார் மகன். அது குளிர்காலமாக இருந்ததும் ஒரு காரணம் என்றார் தகப்பனார்.