சாக்ரடீசின் வினவல் முறையில் பிறரை மதித்தல்

கி.மு. 399இல் ஏதென்ஸ் நீதிமன்றம் சாக்ரடீசுக்கு மரணதண்டனை விதித்தபோது, அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் பிறரை அவமதித்தல் என்பது இடம்பெறவில்லை. நகரத்தார் வணங்கும் தெய்வங்களை ஏற்காமை, புதிய தெய்வங்களைப் புகுத்துதல், இளைஞரைக் கெடுத்தல் என்பனவே குற்றச்சாட்டுகள். எனினும், பகைக்கு மூலம் வேறு என்று பிளேட்டோவின் 'அப்பாலஜி'யில் சாக்ரடீசே கூறுகிறார். அரசியலாளர், கவிஞர், கைவினைஞர் ஆகியோரை அவர் தேடிச் சென்று வினவினார். அறிந்ததாக எண்ணியிருந்தவற்றை அவர்கள் அறியாதிருந்தது வெளிப்பட்டது. தம்மைப் பின்தொடர்ந்த செல்வர் வீட்டு இளைஞர்கள் இதனைக் கேட்டு மகிழ்ந்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

ஆகவே, சாக்ரடீஸ் தம்மோடு உரையாடியவர்களை மதித்தாரா என்னும் வினா அவருடைய குணநலன் பற்றியது மட்டுமன்று. ஒருவரை வினவி அவர் கருத்தை மறுப்பது அவருக்குச் செய்யும் நன்மை என்பது சாக்ரடீசின் கொள்கை. வினவப்பட்டவர் வேடிக்கைப் பொருளாக மட்டுமே இருந்தார் எனில் அக்கொள்கை நிலைபெறாது.

மரியாதையும் மதிப்பும்

இவ்வினாவைத் தமிழில் எழுப்புவதில் ஒரு வசதி உண்டு. 'மரியாதை' என்பது எல்லை என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. ஒருவரது நிலைக்குரிய வரம்பைக் கடவாமையை அது உணர்த்துகிறது. 'மதித்தல்' என்பதோ அளவிடுதலையும் உயர்வாகக் கருதுதலையும் ஒருங்கே குறிக்கும். சாக்ரடீசிடம் மரியாதை குறைவு, மதித்தல் மிகுதி என்பது முதல் நோக்கில் தோன்றும் விடை. அது பெரும்பாலும் சரியே. ஆயினும் மூலநூல்கள் அவ்வளவு எளிதில் அதற்கு இடங்கொடுப்பதில்லை.

அவருடைய முறையைக் குறிக்கும் 'எலென்கோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். ஹோமர் காப்பியங்களில் இதன் பழைய வடிவம் இழிவு, நாணக்கேடு என்னும் பொருளில் வருகிறது. சோதித்தல், மறுத்தல் என்னும் பொருள்கள் பிற்பட்டவை. நாணம் இம்முறையின் தற்செயலான விளைவு அன்று. 'குடியரசு' நூலின் முதற்பகுதியில் திராசிமாக்கஸ் வியர்த்து முகம் சிவந்ததைப் பிளேட்டோ தனித்துக் குறிப்பிடுகிறார்.

ஒரே சாட்சி

சாக்ரடீசுக்குச் சார்பான வலுவான சான்று 'கோர்கியாஸ்' உரையாடலில் உள்ளது. அநீதி இழைத்தவனும் இன்பமாக வாழலாம் என்பதற்கு ஏதென்ஸ் மக்கள் பலரும் சாட்சி சொல்வர் எனப் போலஸ் கருதுகிறான். அத்தனை பேரின் சாட்சியமும் தமக்கு வேண்டா, எதிரே இருக்கும் போலஸ் ஒருவனது இசைவே வேண்டும் என்கிறார் சாக்ரடீஸ் (472). நீதிமன்றங்களில் பெரும்பான்மை வாக்கால் முடிவெடுத்துப் பழகிய நகரில் இது புதுமையான நிலைப்பாடு. எதிரில் இருப்பவர் தாம் உண்மையில் நம்புவதையே சொல்ல வேண்டும் என்னும் விதி இதிலிருந்து பிறக்கிறது. நம்பாததைச் சொல்லுமாறு கேட்பது வாய்மொழியோடு விளையாடுவது. நம்புவதைக் கேட்பது அம்மனிதரின் அறிவைப் பொருட்படுத்துவது. மறுப்பதைவிட மறுக்கப்படுவதே பெரிய நன்மை என்று தம்மையும் அவர் அவ்விதிக்கு உட்படுத்துகிறார் (458).

இம்முறை மிகச் செம்மையாக இயங்குவது 'லேக்கீஸ்' உரையாடலில்தான் என்பது என் கணிப்பு. வீரம் எது என்னும் வினாவில் நீசியாஸ், லேக்கீஸ் என்னும் இரு படைத்தலைவர்களும் இடறுகின்றனர். ஆனால், டீலியம் போரில் பின்வாங்கியபோது சாக்ரடீஸ் நடந்துகொண்ட விதத்தை லேக்கீஸ் நேரில் கண்டவர். தம்மை மறுக்கலாம் என்று அவரே விரும்பி இசைவு தருகிறார். முடிவில் நம் எல்லோருக்குமே ஆசிரியர் தேவை எனத் தம்மையும் சேர்த்துக்கொண்டு சாக்ரடீஸ் பேசுகிறார்.

விதி தளரும் இடங்கள்

விருப்பமற்ற ஒருவரிடம் இவ்விதி என்னாகிறது என்பதே சிக்கல். திராசிமாக்கசிடம் முதலில் இதனை வலியுறுத்தும் சாக்ரடீஸ், 'நான் நம்புகிறேனா இல்லையா என்பதில் உமக்கென்ன?' என்னும் பொருளில் அவன் கேட்டதும், ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார் (349). பின்னர் ஒருமுறை நினைவூட்டினாலும், திராசிமாக்கஸ் அவரை மகிழ்விப்பதற்காகவே தலையசைக்கிறான். கல்லிக்ளீஸ் பேச மறுத்ததும் வினாவையும் விடையையும் சாக்ரடீசே சொல்லத் தொடங்குகிறார். இவ்விடங்களில் வாதம் வெல்கிறது. ஒரே சாட்சி என்று கொண்டாடப்பட்டவர் அங்கில்லை.

கிரிகோரி விளாஸ்டாஸ் 'சாக்ரடீசின் முரண்' என்னும் கட்டுரையில் அன்பின் குறைபாட்டையே அவருடைய இறுதிக் குறையாகக் கண்டார். அது மிகைப்பட்ட அளவுகோல் எனத் தோன்றுகிறது. அன்பு செலுத்தாமலும் ஒருவரை மதிக்க இயலும். சாக்ரடீஸ் தாமே வகுத்த விதியைக் கொண்டு அவரை அளப்பது போதுமானது.

அவ்வளவுகோலில் 'மெனோ' உரையாடலின் அடிமைச் சிறுவன் இருபக்கமும் சான்றாகிறான். சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும் கணக்கில் அவனும் தன் மனத்தில் பட்டதையே சொல்ல வேண்டும் என்று கேட்கப்படுகிறான். அவன் அடைந்த திகைப்பும், அவனுடைய தலைவன் மெனோ அடைந்த திகைப்பும் ஒரே தரத்தன என்று கொள்ளப்படுகின்றன. அடிமைமுறை இயல்பெனக் கருதப்பட்ட சமூகத்தில் இது சிறிய செய்தியன்று. அதே வேளையில், அவனைப் பற்றிய முடிவுகள் அனைத்தும் மெனோவிடமே கூறப்படுகின்றன, அவனுக்குப் பெயருமில்லை.

'யூதிஃப்ரோ'வில் வரும் போலிப் புகழ்ச்சிக்கு இத்தகைய சமாதானமும் இல்லை. உம்மிடம் மாணவனாகச் சேர்கிறேன் என்னும் சொல் யூதிஃப்ரோவின் அறிவை நோக்கியதாகத் தெரியவில்லை. அதன் நகை அவனுக்கு எட்டவுமில்லை.

செனபோனின் 'நினைவுக்குறிப்புகள்' நான்காம் நூல் இதற்கு மாறான ஒரு காட்சியைத் தருகிறது. நூல்கள் பல சேர்த்துத் தன்னை அறிஞனாக எண்ணியிருந்த யூதிடீமஸ், வினவலின் முடிவில் தன்னையே இகழ்ந்து சோர்ந்து போகிறான். அந்நிலைக்கு ஆளான பலர் அதன்பின் சாக்ரடீசை அணுகவே இல்லை. அவர்களை அவர் மந்தமானவர்களாகக் கருதினார் என்று செனபோன் எழுதுகிறார். யூதிடீமஸ் திரும்பி வந்தான். அவன் மனநிலையை உணர்ந்த சாக்ரடீஸ் அவனைக் குழப்புவதை நிறுத்தி, அவன் அறிய வேண்டியவற்றை எளிமையாகவும் தெளிவாகவும் எடுத்துரைத்தார்.