வீடு தேடி வந்த தேனீக்கள்



உங்கள் வீட்டுக் கொல்லையில் திடீரெனப் பேரிரைச்சல் கேட்கின்றது. எங்கிருந்தோ வந்த ஆயிரக்கணக்கான தேனீக்கள் முருங்கைக் கிளையில் ஒரு குலையைப்போல் திரண்டு தொங்குகின்றன. பிள்ளைகள் அலறுகின்றனர், அண்டை வீட்டார் ஓடி வருகின்றனர். ஒருவர் மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொல்கின்றார். மற்றொருவர், "இரவு வரட்டும், பந்தம் கொளுத்திப் பொசுக்கிவிடலாம்" என்கின்றார். இவ்வேளையில் ஒரு முஸ்லிம் செய்ய வேண்டுவது யாது?

திருக்குர்ஆனின் 16-ஆவது அத்தியாயம் 'அந்நஹ்ல்', அதாவது தேனீ என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. மலைகளிலும் மரங்களிலும் மனிதர் எழுப்பும் கட்டுமானங்களிலும் கூடமைக்குமாறு தேனீக்கு உள்ளுணர்வு அளித்ததை அல்லாஹ் அதன் 68-ஆம் வசனத்தில் எடுத்துரைக்கின்றான். தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பானத்தில் மக்களுக்கு நிவாரணம் இருப்பதை அடுத்த வசனத்தில் அறிவிக்கின்றான்.

அந்த மூன்று இருப்பிடங்களையும் எண்ணிப் பாருங்கள். மலைத்தேனீ பாறை முகடுகளில் அடை கட்டுகின்றது. கொம்புத் தேனீ செடிகொடிகளின் கிளைகளில் தங்குகின்றது. அடுக்குத் தேனீயோ மரப்பொந்தில் மட்டுமின்றிச் சுவரின் இடுக்கிலும், மனிதன் செய்துவைத்த பெட்டியிலும் குடியேறுகின்றது. ஆகவே நம் வீட்டை நாடி வந்த தேனீ அத்துமீறி நுழைந்ததன்று. படைத்தவன் காட்டிய வழியில் வந்ததேயாகும்.

அது வந்த காரணத்தையும் அறிந்துகொள்ளுதல் நலம். பூக்கள் மலிந்த காலத்தில் தேனீக்கள் பெருகிக் கூட்டில் நெருக்கடி ஏற்படும்போது, பழைய இராணித் தேனீ பணித் தேனீக்களில் பெரும்பகுதியோடு வெளியேறுகின்றது. இதனைத் தேனீ வளர்ப்போர் 'குடி பிரிதல்' என்பர். வெளியேறிய கூட்டம் ஒரு கிளையில் தங்கியிருக்க, சில தேனீக்கள் மட்டும் நாற்றிசையும் பறந்து புதிய இடம் தேடும். அவை திரும்பி வந்து, ஒருவகை ஆட்டத்தின் வாயிலாகத் திசையையும் தொலைவையும் மற்றவற்றுக்கு உணர்த்தும். தேனீயின் ஆட்டத்திற்குப் பொருள் கண்ட கார்ல் வான் ஃபிரிஷ் என்னும் அறிஞருக்கு 1973-இல் நோபல் பரிசு கிட்டியது.

இடம் முடிவானதும் கூட்டம் தானே எழுந்து சென்றுவிடும். சில மணி நேரத்தில் செல்வதும் உண்டு. ஓரிரு நாள் தங்குவதும் உண்டு. காக்க வேண்டிய குஞ்சுகளோ தேனடையோ அப்போது இல்லாமையால், சீண்டாத வரையில் அவை பெரும்பாலும் கொட்டுவதில்லை. அந்த வழிப்போக்கர்களுக்காக நாம் சற்றே பொறுத்திருக்கலாகாதா?

எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் எனும் கொண்டலாத்தி, கீச்சான் குருவி ஆகிய நான்கையும் கொல்வதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்பது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஓர் எறும்பு கடித்ததற்காக எறும்புக் கூட்டத்தையே எரிக்கச் செய்த முற்கால நபி ஒருவரை அல்லாஹ் கண்டித்த செய்தியைப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் காணலாம். நெருப்பால் வேதனை செய்தல் நெருப்பின் இறைவனுக்கே உரியது என்பதும் நபிகளாரின் போதனையே. பந்தத்தைக் கையில் எடுப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

அதற்காக மனித உயிரை ஆபத்தில் விடவும் மார்க்கம் சொல்லவில்லை. பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். கட்டிய ஆடுமாடுகளால் தப்பியோட இயலாது. முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். சன்னல்களைச் சாத்தி, அண்டை வீட்டாருக்கும் தெரிவியுங்கள். கல்லெறிதலும் நீரைப் பீய்ச்சுதலும் வேண்டா. ஜும்ஆவுக்குப் பூசிய அத்தரின் மணத்தோடு அருகில் செல்லாதீர்கள். கடும் மணம் அவற்றைச் சினங்கொள்ளச் செய்யக்கூடும்.

கூட்டம் நீங்காமல் சுவரிடுக்கில் குடியேறிவிட்டால், தேனீ வளர்ப்போரை அழையுங்கள். குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் போன்ற இடங்களில் இதனைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. கைதேர்ந்தவர்கள் இராணியோடு கூட்டத்தைப் பெட்டிக்கு மாற்றிக் கொண்டுசெல்வர். உங்களுக்குச் சுமையாயிருந்தது ஓர் ஏழையின் வாழ்வாதாரமாய் மாறும்! உயரத்தில் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீயோ கடுமையானது. அதனை நெருங்காமல் தீயணைப்பு நிலையத்தாருக்குத் தகவல் கொடுங்கள். வேறு வழியின்றி உயிருக்கே ஆபத்து நேருமாயின், தீங்கைத் தடுக்கும் அளவுக்கு நடவடிக்கை எடுக்க மார்க்க அறிஞர்கள் இடமளித்துள்ளனர். எளிய வழியிருக்கக் கொடிய வழியை நாடுவதே குற்றம்.

எவரையேனும் கொட்டிவிட்டால், முதலில் அவ்விடத்தை விட்டு அகலச் செய்யுங்கள். பின்னர்க் கொடுக்கைத் தாமதமின்றி நகத்தால் வழித்தெடுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். துஆ ஓதுங்கள், ஆனால் ஓதி ஊதிவிட்டு வீட்டிலேயே காத்திராதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்ததும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம்.

இறைநம்பிக்கையாளரை நபிகளார் தேனீக்கு ஒப்பிட்டதாக முஸ்னது அஹ்மதில் வருகின்றது. தேனீ தூயதை உண்கின்றது, தூயதைத் தருகின்றது, அமர்ந்த கிளையை முறிப்பதில்லை. உங்கள் முருங்கைக் கிளையில் தங்கிச் சென்ற கூட்டமும் அக்கிளையை முறிக்கவில்லை. நாமும் இவ்வுலகில் சில பொழுது தங்கிச் செல்பவர்களே. எவருக்கும், எவ்வுயிருக்கும் ஊறு செய்யாது வாழ்ந்து செல்லும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.