ஈப்போ கடுதாசி – 11: சிவப்பு அட்டை

போன வாரம் கல்லுமலைக் கோயிலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று தஞ்சாவூர் வாசகருடையது. "ரப்பர் தோட்டத்து ஜனங்கள் அவ்வளவு பாடுபட்டார்கள் என்கிறீர்களே, பின் ஏன் ஊருக்குத் திரும்பி வந்துவிடவில்லை?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இங்கே வந்த புதிதில் எனக்கும் அது இருந்தது. இப்போது இல்லை. அது எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரக் கடுதாசி.

முதலில் என் சொந்தப் புலம்பல் ஒன்று. இங்கே பெட்ரோல் போடுவது இப்போது அட்டையைக் காட்டும் சடங்காகிவிட்டது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு ரான் 95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. (ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், எனக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது.) மைகாட் என்கிற நீல அடையாள அட்டையைச் செருகினால் அந்த விலை. அட்டை இல்லாதவருக்குத் திட்டம் தொடங்கியபோது 2.60 வெள்ளி. ஒரே பம்பு, ஒரே குழாய், ஒரே எண்ணெய். எனக்கு முன்னால் நின்றவருக்கு ஒரு விலை, எனக்கு வேறு விலை. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் இதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் நண்பர், சுங்கை சிப்புட்காரர், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஒங்க ரேட்டு வேறதான் லா சார். ஒங்க சம்பளமும் வேறதானே?"

அதன்பிறகு நான் பெட்ரோல் பேச்சை எடுக்கவில்லை.

அவர் சொன்னது சம்பளக் கணக்கு மட்டுமல்ல. என் பாஸ்போர்ட்டில் இருக்கும் அனுமதிக்கு இங்கே மரியாதையான பெயர் உண்டு. ஆங்கிலத்தில் எக்ஸ்பாட். மலாயில் 'பெகாவாய் டாகாங்'. பெகாவாய் என்றால் அதிகாரி. எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வங்காளதேசத்துப் பையன் 'பெக்கர்ஜா ஆசிங்', அந்நியத் தொழிலாளி. இருவரும் விமானத்தில் வந்தவர்கள்தான். இருவரும் மாதக் கடைசியில் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள்தான். நூறு வருஷத்துக்கு முன்னால் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கை ஒட்டிய ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காவலில் கிடந்து, கங்காணிக்குப் பின்னால் பேராக் மாநிலத்தின் ரப்பர் காட்டுக்குள் நடந்து போனவனுக்கு இந்த இரண்டு பெயருமே கிடைக்கவில்லை. அவன் பெயர் கூலி.

எனக்கும் அவனுக்கும் இடையே கடலளவு தூரம் இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். புந்தோங் அந்த நினைப்பைக் கொஞ்சம் ஆட்டியது.

புந்தோங் ஈப்போவை ஒட்டிய தமிழர் பேட்டை. அங்கே 'கச்சான் பூத்தே' விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வறுத்த கடலை, மிக்சர், முறுக்கு, ஓமப்பொடி எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே அதுதான் பெயர். மலாய்க்காரரும் சீனரும் காரை நிறுத்தி வாங்கிப் போகிறார்கள். முறுக்கு வேகிற வாசனையில் ஒரு நிமிஷம் நான் கோவில்பட்டியில் நின்றேன். கடைக்காரர் என் பேச்சைக் கேட்டதும், "ஊர்லேருந்து வந்தீங்களா?" என்றார். இவர்கள் வாயில் 'ஊர்' என்றால் இந்தியா. வேறு அடைமொழி தேவையில்லை. கோவில்பட்டி என்றேன். "அப்ப எட்டயபுரத்துக்குப் பக்கம்" என்றார் சட்டென்று. இந்தப் பேட்டையின் கச்சான் குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பூர்வீகம் எட்டயபுரம். இவர் அங்கே போனதே இல்லை. ஆனால் ஊர்ப்பெயரும் அதற்குப் பக்கத்து ஊர்ப்பெயரும் எண்ணெய்ச்சட்டியோடு சேர்ந்து கைமாறி வந்திருக்கின்றன. காசு வாங்க மறுத்துவிட்டார். அதிகாரியாக வந்தவன் அன்றைக்குச் சொந்தக்காரனாகத் திரும்பினேன்.

இனி, பாட்டி.

நண்பருடைய அத்தைப்பாட்டி சுங்கை சிப்புட்டில் இருக்கிறார், எழுபத்தைந்து வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் என்னை அங்கே கூட்டிப்போனார். ஈப்போவிலிருந்து வடக்கே அரை மணி நேரப் பயணம். சாலையின் இருபுறமும் செம்பனை. "இதெல்லாம் முன்ன பால்மரம் சார்" என்று நண்பர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பால்மரம் இந்த நாட்டில் வேர்பிடித்ததும் இந்த வட்டாரத்தில்தான். 1877-இல் இங்கிருந்து கொஞ்சம் தள்ளியுள்ள கோலகங்சாரில் ஹியூ லோ என்ற ஆங்கில அதிகாரி நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் வேலி கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. மரத்துக்குப் பலகை உண்டு. அதை வெட்டிப் பால் எடுத்தவர்களுக்கு லயம் என்கிற வரிசை வீடு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. தமிழ்ப்பள்ளிதான் மிச்சம். பேராக்கில் மட்டும் 134 தமிழ்ப்பள்ளிகள். அவற்றில் பல தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன, தோட்டம் போன பின்னும்.

"வாங்க தம்பி, பசியாறியாச்சா?" என்றார் பாட்டி. இங்கே காலை உணவுக்குப் பசியாறல் என்று பெயர். நாம் டிபன் என்று சொல்லித் தொலைத்த சொல்லை இவர்கள் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

பாட்டி பன்னிரண்டு வயதில் அம்மாவோடு காட்டுக்குப் போனவர். விடியுமுன் எழுந்து, பெரட்டு என்கிற ஆள்கணக்கில் நின்று பேர் கொடுத்து, இருட்டு விலகும்போது நிரையில் முதல் மரத்தில் கத்தி வைக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் உறைந்து வடிவது நின்றுவிடும். பிறகு மங்கு மங்காக, அதாவது கிண்ணம் கிண்ணமாக, பாலை வாளியில் சேர்த்துத் தூக்கிப் போய் நிறுக்க வேண்டும். மழை வந்தால் அன்றைய பாலும் போச்சு, கூலியும் போச்சு. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை. சமையல் குறிப்புச் சொல்வதுபோலச் சொன்னார்.

பிறகு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து காட்டினார். உள்ளே அடையாள அட்டை. நிறம் சிவப்பு.

நீலம் குடிமகனுக்கு. சிவப்பு நிரந்தரவாசிக்கு. எழுபத்தைந்து வருஷம் முன்பு இந்தச் சுங்கை சிப்புட் தோட்டத்தில் பிறந்து, வேறு ஊரில் ஒரு ராத்திரிகூடத் தங்காத பெண், இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர். ஓட்டு இல்லை. பாட்டியிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தால், அவரும் என் விலையில்தான் பெட்ரோல் போட வேண்டும்.

"எப்படிப் பாட்டி?" என்றேன்.

"அப்பா மேல தப்பில்ல தம்பி. அவரு கடைசி வரைக்கும் ஊருக்குப் போறதாத்தான் இருந்தாரு. போகப்போற மனுசனுக்கு இங்க என்னாத்துக்கு அட்டைன்னு விட்டுட்டாரு."

இதற்குப் பின்னால் ஒரு சட்டக்கதை இருக்கிறது. 1957 ஆகஸ்ட் 31-இல் நாடு விடுதலை பெற்றது. அன்றிலிருந்து இங்கே பிறந்த குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை என்ற விதி 1962 வரை இருந்தது. அதற்கு முன் பிறந்த பலர் தாமே போய் விண்ணப்பித்துப் பதிய வேண்டியிருந்தது. உள்நாட்டில் பிறந்தவர் முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழிச் சோதனைகூடக் கிடையாது. கதவு அகலமாகத்தான் திறந்திருந்தது. ஆனால் அந்தக் கதவு நகரத்தில் இருந்தது; பாட்டியின் அப்பா காட்டில் இருந்தார். மேலும் அவர் கண் எதிர்ப்பக்கத்தில், கப்பலில், இருந்தது. அப்போது ஏழு வயதான மகள் முந்தியது ஏழு நாள் அல்ல. ஏழு வருஷம் முந்திப் பிறந்துவிட்டாள்.

அப்பாவுக்கு ஊர் ஏக்கம் வந்ததற்கும் காரணம் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அவரைச் சயாம் ரயில் போடப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அங்கே காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். இவர் திரும்பி வந்தார். "சாவுறதா இருந்தா நம்ம ஊர்ல சாவணும்னு அங்கதான் முடிவு பண்ணினாராம்." ஈப்போவும் ஜப்பானின் ஃபுகுவோகாவும் 1989-இலிருந்து சகோதர நகரங்கள். நான் மாலையில் நடக்கப் போவதே இங்குள்ள ஜப்பானியத் தோட்டத்துக்குத்தான். அழகான தோட்டம். பாட்டி சொன்னதைக் கேட்ட பிறகும் அங்கே போகிறேன். ஆனால் குளத்தருகே உட்காரும்போது, 'ஜப்பான்' என்ற சொல் எனக்கும் அவருக்கும் ஒன்றல்ல என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.

பதியாமல் விட்டதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1968-இல் வந்த சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்றது. அதைத் தொடர்ந்து தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 இந்தியர்கள் நாடு திரும்பினார்கள். தஞ்சாவூர் வாசகரே, ஆகவே திரும்பி வரவில்லை என்பதே சரியில்லை. வந்தார்கள். கோவில்பட்டியில் வளர்ந்த எனக்கு அவர்களைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. வந்தவர்களை நாம் கவனிக்கவில்லை. வராதவர்களை ஏன் வரவில்லை என்று கேட்கிறோம்.

பாட்டி வீட்டிலும் அப்போது மூட்டை கட்டினார்கள். அந்த மாதம்தான் அம்மா இறந்துபோனார். "அம்மாவ இங்க பொதச்சிட்டு எப்டித் தம்பி கப்பலேறுறது?" அப்பா அடுத்த வருஷம் போகலாம் என்றாராம். அடுத்த வருஷம் பாட்டிக்குக் கல்யாணம்.

இதே சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் பாட்டியின் அப்பாவுக்கு நேர் எதிராக யோசித்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிய காலம் அது. தொழிலாளி வேலையோடு லயத்தையும் இழந்து நின்றான். சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். விற்பனைக்கு வந்த தோட்டத்தைத் தொழிலாளியின் பணத்திலேயே வாங்குவது திட்டம். போகிற எண்ணத்தை விட்டுவிட்டு மண்ணை வாங்கு என்பதுதான் அதன் பொருள். பாட்டியின் புருஷன் பங்கு கட்டினார், நீல அட்டையும் வாங்கினார். அதனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நீலம். ஒரே கூரையின் கீழ் பாட்டி மட்டும் சிவப்பு.

அறுபது தாண்டிய, சிவப்பு அட்டை வைத்திருக்கும் 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று 2018-இல் அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். பாட்டியும் வானொலியில் கேட்டிருக்கிறார். அந்த வருஷம் கால் உடைந்து படுக்கையில் கிடந்ததால் எங்கும் அலையவில்லை. அதற்கு முன் ஏன் போகவில்லை என்றேன். "மலாய்ல கேள்வி கேப்பாங்கன்னு சொன்னாங்க. எனக்குக் கடைத்தெரு மலாய்தானே தெரியும்? தப்பாச் சொல்லிட்டா இருக்குறதையும் புடுங்கிடுவாங்களோன்னு பயம்." இப்போது பேத்தி மனுவை நிரப்பி வைத்திருக்கிறாள்.

எனக்கு என் பாஸ் புதுப்பித்த நாள் ஞாபகம் வந்தது. கம்பெனியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. எனக்கு மலாயில் ஒரு கேள்வியும் வரவில்லை. நான் போட்டது ஒரே ஒரு கையெழுத்து.

கிளம்பும்போது பாட்டி வாசல்வரை வந்தார். பத்து வாரமாக இந்த நாட்டைப் பற்றி வாராவாரம் அபிப்பிராயம் எழுதிக்கொண்டிருக்கும் என்னிடம் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"நீ எப்ப தம்பி ஊருக்குப் போற?"

"இன்னும் ரெண்டே வருஷம் பாட்டி."

பாட்டி சிரித்தார். பல் இல்லாத, கேலி இல்லாத சிரிப்பு.

"எங்கப்பாவும் அப்டித்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

*(அடுத்த வாரம்: பத்துகாஜாவில் ஒரு வெள்ளைக்காரர் கட்டி முடிக்காத மாளிகையும், அவருடைய தொழிலாளர்களுக்காக எழும்பிய மாரியம்மன் கோயிலும்.)*