பதுங்குகுழியிலிருந்து தங்கைக்கு ஒரு கடிதம்

இறந்து 17 ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? எழுதினார்கள். 1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் மூண்டபின், பிரான்சு நாட்டுப் போர்வீரர்கள் பதுங்குகுழிகளில் இருந்தபடி லிசியே நகரின் கார்மேல் மடத்திற்குக் கடிதங்களை எழுதிக் குவித்தார்கள். "சின்னத் தங்கையே" என்று அவர்கள் அழைத்தது, 1897 செப்டம்பர் 30 அன்று 24ஆம் வயதில் காசநோயால் இறந்த குழந்தை இயேசுவின் தெரேசாவை. ஆம், நம் சிறுமலரைத்தான். அப்போது அவர் புனிதரும் அல்ல, அருளாளரும் அல்ல. புனிதர் பட்ட வழக்கைத் தொடங்கும் ஆணையில் திருத்தந்தை 10ஆம் பத்திநாதர் 1914 ஜூன் மாதத்தில்தான் கையொப்பமிட்டிருந்தார்.

இன்னொரு பெயராலும் அவரை அழைத்தார்கள்: போர்க்கால ஞானத்தாய். வட பிரான்சு செர்மானியர் கையில் விழுந்ததால், அப்பகுதி வீரர்களுக்கு வீட்டிலிருந்து ஒரு வரி கூட வரவில்லை. அவர்களுக்கு முன்பின் தெரியாத பெண்கள் கடிதமும் பொட்டலமும் அனுப்பும் வழக்கம் 1915இல் பரவியது. அப்பெண்களுக்கு 'ஞானத்தாய்' என்ற பெயர் வந்தது. திருமுழுக்கில் நாம் ஏற்கும் ஞானத்தாய் விசுவாசத்தால் உண்டான உறவு. இதுவோ கடிதத்தால் உண்டான உறவு. சில கடிதங்கள் காதலில் போய் முடிந்ததும் உண்டு!

தெரேசாவுக்கு வந்த கடிதங்களை மடத்துச் சகோதரிகள் பாதுகாத்தார்கள். போருக்குப்பின் சிலவற்றை நூலாகவும் வெளியிட்டார்கள். அப்போது மடத்தலைவியாக இருந்தவர் தெரேசாவின் உடன்பிறந்த அக்கா, அன்னை ஆக்னஸ். வீரர்கள் என்ன எழுதினார்கள்? குண்டு அருகில் விழுந்தும் பிழைத்ததற்கு நன்றி. வீட்டில் உள்ளவர்களுக்காக மன்றாட்டு. பல ஆண்டுகளுக்குப்பின் பாவசங்கீர்த்தனம் செய்ததாக ஒரு செய்தி. வீரத்திற்காகப் பெற்ற பதக்கங்களைக் காணிக்கையாக அனுப்பியவர்களும் இருந்தார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலர் அவரது படத்தைத் தாயத்துபோலச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். எதிர்ப்புறப் பதுங்குகுழியிலோ பவேரியக் கத்தோலிக்கர் அதே செபமாலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாருடைய குண்டை யாருக்காகத் தடுப்பது? அப்போரில் ஏறத்தாழ 14 லட்சம் பிரெஞ்சு வீரர்கள் மாண்டார்கள். படம் வைத்திருந்தவர்களும் மாண்டார்கள். எனவே 'படம் காப்பாற்றியது' என்னும் கடிதங்களைவிட, 'பயத்தில் நான் தனியாக இல்லை' என்னும் கடிதங்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

விசுவாச அறிக்கையில் நாம் சொல்லும் 'புனிதர்களுடைய சமூக உறவு' இதுதான். (நம் பாட்டிமார் 'சமுதீதப் பிரயோசனம்' என்று சொன்னார்கள், பொருள் கேட்டால் சிரிப்பார்கள்.) கிறிஸ்துவில் இணைந்தவர்களைச் சாவு உறவு முறிப்பதில்லை. நேரில் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

தெரேசா உயிரோடு இருந்தபோதே இதை வாழ்ந்தவர். அவருடைய இரு அண்ணன்மாரும் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட்டார்கள்; குருவாகும் ஒரு சகோதரன் வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. 1895 அக்டோபரில் மொரீஸ் பெலியேர் என்ற குருமாணவர், தமக்காகச் செபிக்க ஒரு சகோதரி வேண்டும் என்று மடத்திற்கு எழுதினார். தாயை இழந்து, தந்தையால் கைவிடப்பட்டு, சித்தி வீட்டில் வளர்ந்தவர். விரைவிலேயே கட்டாய இராணுவப் பணிக்குப் போனார். படைமுகாம் வாழ்வில் அழைத்தலை இழந்துவிடுவேனோ என்று கலங்கி அங்கிருந்து எழுதினார். அவருக்குத் தெரேசா எழுதிய கடிதங்கள் 11. கடைசிக் கடிதங்கள் மரணப் படுக்கையிலிருந்து எழுதியவை. இருவரும் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. 1897 செப்டம்பர் 29 அன்று பெலியேர் மறைபரப்புப் பணிக்காக ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். மறுநாள் மாலை தெரேசா கண்மூடினார்.