உப்புப் பானையும் நியூட்ரல் கம்பியும்

மேடைக்குப் பின்னே – 7

தூத்துக்குடியில் உப்புக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த சங்கரதாஸ் சுவாமிகள், 24 வயதில் பேரேட்டை மூடிவைத்துவிட்டு நாடகத்துக்குப் போனார். அந்தக் காலத்தை ஒட்டி, மேலைநாட்டு அரங்குகளில் உப்பும் மேடை வேலைக்கு வந்திருந்தது.

1881 டிசம்பர் 28 அன்று லண்டன் சவாய் அரங்கின் மேடையில் மின்விளக்கு எரிந்தது. காஸ் விளக்கு என்றால் குழாயைத் திருகினால் மங்கிவிடும். மின்விளக்கை எப்படி மங்கவைப்பது? பல அரங்குகள் கண்ட வழி, ஜாடி நிறைய உப்புத் தண்ணீர். அடியில் ஒரு உலோகத் தகடு, கயிற்றில் தொங்கும் தகடு இன்னொன்று. கயிற்றைத் தளர்த்தி இறக்கினால் வெளிச்சம் கூடும். இழுத்துத் தூக்கினால் குறையும். காட்சி நீண்டால் தண்ணீர் சூடேறி ஆவி பறக்கும்.

காலப்போக்கில் ஜாடிக்கு வேலை போயிற்று. 1957இல் தைரிஸ்டர் என்ற குறைக்கடத்தி ஸ்விட்ச் வந்தது. இன்றைய டிம்மர் அதைக் கொண்டு ஒரு நொடிக்கு 100 முறை மின்சாரத்தைத் துண்டித்து, மீண்டும் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு தாமதமாகத் திறக்கிறதோ, அவ்வளவு மங்கல்.

இனி தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு திருவிழா மேடையை நினைத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் பார் லைட் 36. ஜெனரேட்டரின் மூன்று ஃபேஸுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்தால், ஃபேஸுக்கு 52 ஆம்பியர். கணக்கு சரிதான். ஆனால் எல்லா விளக்கும் எப்போதும் எரிவதில்லையே!

இராக்காட்சி வருகிறது. நீல விளக்கு பன்னிரண்டு மட்டும் எரிகின்றன. வயர் இழுக்க வசதி என்று அத்தனை நீலத்தையும் ஒரே ஃபேஸில் கொடுத்திருந்தால், அந்த ஒரு ஃபேஸ் 52 ஆம்பியரைச் சுமக்கும். மற்ற இரண்டும் சும்மா கிடக்கும். நாலு நாலாகப் பிரித்திருந்தால் ஃபேஸுக்கு 17 ஆம்பியர்தான். அதனால், விவரம் தெரிந்த லைட்காரர் விளக்கை எண்ணுவதோடு நிற்பதில்லை. எந்தக் காட்சியில் எது எரியும் என்று கேட்டுவிட்டுத்தான் ஃபேஸ் பிரிக்கிறார்.

அதற்குப் பிறகும் ஒரு கண்ணி உண்டு. மூன்று ஃபேஸும் சமமாக, முழு வெளிச்சத்தில் எரியும்போது, மின்சாரம் திரும்பும் பொதுக் கம்பியான நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றும் ஓடாது; மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். டிம்மரை இறக்கியதும் அலை துண்டுபடுகிறது. துண்டுகள் பொருந்திக் கழிவதில்லை. நியூட்ரலில் போய்ச் சேர்கின்றன. நன்றாக மங்கிய நிலையில், ஒரு ஃபேஸில் ஓடுவதைப்போல 1.73 மடங்கு வரை அதில் ஓடலாம். ‘நியூட்ரல்தானே’ என்று மெல்லிய கம்பி போட்டால் அதுதான் முதலில் சுடும்.

அந்தக் கம்பி கழன்றால் இன்னும் மோசம். சுமை குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் 400ஐ நோக்கி ஏறும். பல்புகளும் ஆம்ப்ளிஃபயரும் போய்விடும்.

கடற்கரையில் இதற்கு உப்புக்காற்றும் துணை. செம்பு முனையில் பச்சை பூக்கும், இணைப்பு தளரும், தளர்ந்த இடம் சுடும். முனையைச் சுரண்டித் துடைத்து, திருகை இறுக்கி, பொழுது சாய்ந்ததும் ஒத்திகையை ஓட்டவேண்டும். அப்போது, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரின் கொக்கியை மூன்று ஃபேஸில் மாட்டிப் பார்ப்பவர், நான்காவதாக நியூட்ரலிலும் மாட்டிப் பார்க்கிறார். விளக்கு பாதி மங்கியிருக்கும்போது ஒரு தடவை. முழுதாக எரியும்போது இன்னொரு தடவை.

அடுத்த வாரம்: டிம்மரை இறக்கினால் ஸ்பீக்கர் ஏன் ரீங்கரிக்கிறது?

(தொடரும்)