வேண்டாம் என்ற காரணத்தை எழுதியது யார்?

திறமூல மென்பொருள் திட்டங்களில் புதியவர்கள் பங்களிக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் விண்ணப்பக் கெடு நெருங்கும்போதெல்லாம், மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: ‘யோசனை அனுப்பினேன். இதையெல்லாம் எப்போதோ பேசி முடித்தாயிற்று என்று பதில் வந்தது. எங்கே பேசினார்கள்?’

நாட்டுக்கு ஒருவராக உட்கார்ந்து வேலை செய்யும் குழுவில் முடிவு எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். ஏன் அந்த முடிவு என்பதுதான் வழியில் தொலைந்துபோகும். பைதான் நிரல்மொழிக் குழு 2000-லேயே இதற்கு ஒரு வழி கண்டது. மொழியில் பெரிய மாற்றம் வேண்டுமானால் ‘பெப்’ என்னும் எண்ணிட்ட ஆவணம் எழுத வேண்டும். நிராகரித்தாலும் அதை அழிக்க மாட்டார்கள். எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறை என்று இதைச் சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்பதற்கில்லை. கடைசிச் சொல் ஒரு சிலருடையதுதான். மற்றவர்களுக்குக் கிடைப்பது காரணம் மட்டும்.

அந்தக் காரணம் எவ்வளவு நுணுக்கமாக இருக்கும் என்பதற்கு 2018-இல் எழுதிய பெப் 572-ஐப் பாருங்கள். ஒரு கணக்கைப் போடும்போதே அதன் விடைக்குப் பெயரும் வைக்க ‘:=’ என்ற குறி கேட்டது அது. ‘அஸ்’ என்ற சொல்லே போதாதா என்பது இயல்பான கேள்வி. நிராகரித்த மாற்றுகளின் பகுதியில் பதில் இருக்கிறது: ‘வித்’ வரியில் ஏற்கெனவே வரும் ‘அஸ்’ வேறு வேலை செய்கிறது. அங்கே பெயருக்குப் போய்ச் சேர்வது நாம் எழுதிய மதிப்பு அல்ல, அதனுள் ஒரு செயல்பாட்டை அழைத்து வாங்கிய விடை. ஒரே வடிவத்துக்கு இரண்டு பொருள் வந்தால் படிப்பவர் தடுமாறுவார்.

என்னை உறுத்துவதும் இந்தப் பகுதிதான். எதிர்ப்புகளைப் பதிவுசெய்யும் பொறுப்பு, விதிப்படி, பெப்பை எழுதியவருக்கே. பெப் ஏற்கப்பட்டால், தோற்றவர் வாதத்தை வென்றவர் எழுதிவைக்கிறார். 572-ஐ ஏற்றுக்கொண்ட கையோடு, 2018 ஜூலை 12 அன்று, பைதானை உருவாக்கிய கீடோ வான் ராசம் தலைமையிலிருந்து விலகினார். ஒரு பெப்புக்காக இனி இவ்வளவு போராட விருப்பமில்லை என்று எழுதினார். 572-இன் ஆவணத்தைப் படித்தால் அந்தச் சண்டையின் சூடு தெரியாது. குழுவின் மின்னஞ்சல் குவியலுக்குள் இறங்கினால்தான் தெரியும்.

இப்போது முடிவு யாருடையது? 2019 முதல், தேர்ந்தெடுத்த ஐவர் குழுவுடையது.

காரணங்களைச் சேர்த்துவைக்க ஸ்லாக் அரட்டை போதாதா? அதன் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சைப் பார்க்க முடியாது.

வீடியோ பதிவு? புதிதாக வருபவர் அதில் ஒரு காரணத்தைத் தேடி எடுப்பது பெரும்பாடு.

நாலு பேர் குழுவுக்கும் இப்படி எழுதிவைப்பது தேவையா? ஒரு பக்கம் போதும்: எதை எடுத்தோம், எதை விட்டோம், ஏன்.

விவாதத்தை ஏஐ சுருக்கித் தரலாமா? தரலாம், எதிர்த்தவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகு சேருங்கள்.

விண்ணப்பிக்கும் மாணவர்களே, முதலில் நீங்கள் சேர விரும்பும் திட்டம் நிராகரித்த யோசனைகளைப் படியுங்கள். உங்களுடையதும் அங்கே இருந்தால் ஒதுங்கிவிடாதீர்கள். அன்று சொன்ன காரணம் இன்றும் பொருந்துமா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் ஏன் என்று எழுதி அனுப்புங்கள்.