பென் டிரைவை நம்பி இருக்கீங்களா?

போன செமஸ்டர் புராஜெக்ட் ரிவியூவுக்கு முந்தின நாள் என் பென் டிரைவ் செத்துப் போச்சு. லேப்டாப்பை ஃபார்மேட் பண்ணியிருந்ததால மூணு மாச கோடு அதுல மட்டும்தான் இருந்தது. அதுக்கப்புறம்தான் எது எப்படிச் சேமிக்குதுன்னே படிச்சேன்.

ஹார்டு டிஸ்க்கில் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். விலை கம்மி, இடம் அதிகம். ஆனா ஓடும்போது கீழே விழுந்தா காலி. சில சமயம் பழுதாகும் முன்னாடி டிக் டிக்னு சத்தம் போட்டு எச்சரிக்கும்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. ஃபிளாஷ் செல்களில் மின்னூட்டமாகத் தகவல் நிற்கும். ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 எம்பி படிச்சா, சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை படிக்கும். ஆனா ஒரு செல்லில் இத்தனை தடவைதான் எழுத முடியும்னு வரம்பு உண்டு. போனா சத்தமில்லாம போகும்.

பென் டிரைவும் ஃபிளாஷ்தான், ஆனா பெரும்பாலும் மலிவான சிப். ஃபைலை எடுத்துட்டுப் போகத்தான் அது. பத்திரமா வைக்க இல்ல.

அதனால 3-2-1: மூணு காப்பி, ரெண்டு வகை மீடியா, ஒண்ணு வேற இடத்துல. லேப்டாப், எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க், கிளவுட் போதும். இன்னைக்கு ராத்திரியே பண்ணிடுங்க.